விடு என்றால் அடி

ஜூலை 14, திங்கள்

இது பயிற்சிப் பதிவேடு. யார் எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு தூரம் ஓட்டினார், எதை இடித்தார் என்று எழுதுவதற்காக அச்சடித்தது. கார் ஓடவில்லை என்றால் இதில் எழுத ஒன்றும் கிடையாது. கோடு போட்ட நல்ல பக்கத்தை வீணாக்குவானேன் என்று என் கதையை எழுதுகிறேன்.

நான்கு வருடமாகத் தூத்துக்குடியில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். செலின் டிரைவிங் ஸ்கூல். ஒரே வண்டி, முப்பது வயதான வெள்ளை மாருதி எண்ணூறு. சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இடப் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அது இருப்பதால்தான் நானும் இருக்கிறேன்.

ஒரு வாரமாக வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் 'கடக்' என்கிறது. மெக்கானிக் அய்யாத்துரை கீழே படுத்துப் பார்த்துவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை இரண்டிலும் ரப்பர் போய்விட்டது, இப்படியே ஓட்டினால் ஒரு நாள் சக்கரம் தனியாக ஊர் சுற்றக் கிளம்பிவிடும் என்றார். லோயர் ஆர்ம் என்று அதற்குப் பெயராம். இடது பக்கம் அரை மணியில் கழன்றது, புதியதும் மாட்டியாயிற்று. வலது பக்கம் நட்டு வந்தது. போல்ட் வரவில்லை. இந்த ஊரில் உப்பு லாரிகள் போகிற வழியெல்லாம் உப்புத் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டே போகின்றன. அது தெறித்துத் தெறித்து, போல்டும் அதைச் சுற்றியிருக்கும் இரும்புக் குழலும் துருவில் ஒட்டி ஒன்றாகிவிட்டன.

"கேஸ் வச்சு வெட்டித்தான் எடுக்கணும்க்கா. வெட்டுத ஆளு வெளியூர் வேலைக்குப் போயிருக்கான். மாசக் கடைசியிலதான் வருவான்" என்று சொல்லிவிட்டு, காரை மரக்கட்டைகள் மேல் ஏற்றிவைத்த நிலையிலேயே விட்டுவிட்டு அய்யாத்துரை போய்விட்டார்.

மாசக் கடைசி யாருக்கு வேண்டும்? 24-ஆம் தேதி வியாழக்கிழமை லைசென்ஸ் தேர்வு. என் மாணவி சண்முகக்கனிக்கு இது மூன்றாவது தடவை. இட்லி மாவு அரைத்து விற்கிறாள். வேன் எடுத்து ஊர் முழுக்க மாவு கொண்டுபோகவேண்டும் என்று ஆசை. முன்பு வேறொரு ஸ்கூல் காரில் இரண்டு தடவை ஓட்டித் தோற்றாள். என் காரில்தான் அவளுக்குக் கிளட்ச் வசப்பட்டது. அவளுடைய எல்.எல்.ஆர். 26-ஆம் தேதியோடு முடிகிறது. இதை விட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

சாயங்காலம் கப்பலிலிருந்து ரெக்ஸ் பேசினார். என் கணவருக்கு இன்ஜின் ரூமில் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கரைக்கு வருவார், தினம் ஒரு தடவை யோசனை சொல்வார். இன்றைய யோசனை: "அக்காவக் கூப்பிடு."

ரெக்ஸின் அக்கா பிலோமினா, எனக்கு மைனி, உப்பு ஆலையில் ஃபிட்டர். ஐ.டி.ஐ.யில் படித்தபோது அந்த வகுப்பிலேயே ஒரே பெண். உப்பில் துருப்பிடித்த போல்டைக் கழற்றுவதுதான் அவருக்குத் தினப்படி சோறு. எல்லாம் சரி. ஆனால் ஸ்கூல் திறப்பு விழாவன்று எங்கள் வீட்டில் கை நனைக்காமல் கிளம்பிப் போனவர், இந்த நான்கு வருடத்தில் வாசற்படி மிதிக்கவில்லை. பாயசம், பிரியாணி எல்லாம் அன்று அப்படியே இருந்தது. என்ன கோபமோ, அவருக்கே வெளிச்சம்.

கூப்பிடப் போவதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

நானே முயன்றேன். ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகித் தொங்கினேன். போல்ட் கால் சுற்று திரும்பியது! சந்தோஷத்தில் பைப்பை விட்டேன். பழைய இடத்துக்கே போய் நின்றது. பத்துத் தடவை திருப்பினேன், பத்துத் தடவையும் அப்படியே. திரும்பியது போல்ட் இல்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு ஏமாற்றுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஓட்டும் மாணவிகள் எனக்கு உண்டு. ஆகவே பழக்கப்பட்ட ஏமாற்றம்தான்.

அப்புறம் சம்மட்டியை எடுத்து, மரை தெரியும் முனையில் நான்கு போடு போட்டேன். முனை காளான் மாதிரி விரிந்துவிட்டது.

சண்முகக்கனி போன் செய்தாள். "அக்கா, போல்ட் வந்துட்டா?"

"வந்துக்கிட்டே இருக்கு" என்றேன்.

வேறு வழியில்லாமல் ரெக்ஸின் அக்காவுக்குப் போன் போட்டேன். நான்கு வருடத்துக்குப் பிறகு பேசியது சரியாக நாற்பது நொடி. நலமா கிலமா ஒன்றும் கிடையாது.

"நட்டத் திரும்ப மாட்டிட்டுத்தான அடிச்ச?"

நட்டை மாட்டிவிட்டு அடித்திருந்தால் முனை விரிந்திருக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரி. இனி ஒண்ணையும் தொடாத. நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு வாரேன்."

ஜூலை 16, புதன்

ஐந்தரைக்கு வந்தார். ஆலையின் நீலக் கோட்டு, தோளில் கருவிப்பை, கையில் ஒரு பிளாஸ்க். பிளாஸ்க்கைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. என் வீட்டு டீ வேண்டாம் என்று சொல்லவேண்டிய வேலைகூட வைக்கவில்லை.

வீட்டுக்குள் வரவில்லை. நேரே தகரக் கொட்டகைக்குப் போனார். மரக்கட்டைகளை ஆட்டிப் பார்த்தார். காளான் முனையை வெகுநேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, அது வரைக்கும் புண்ணியம். அரத்தால் ராவி மரையைச் சரிசெய்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, டீசலும் பிரேக் ஆயிலும் கலந்த ஒரு கலவையைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நட்டைத் திருப்பி மாட்டினார். பையைத் தூக்கினார்.

"அவ்வளவுதானா?"

"இன்னைக்கு இம்புட்டுத்தான். ஊறணும்."

இருபது நிமிடம்! இதற்காகவா ஒரு பெண் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு ஊரின் அந்தக் கோடியிலிருந்து வருவாள்?

உளுந்த வடை ஐந்து மிஞ்சிவிட்டது. எனக்கு மட்டும் போட்டதுதான், கணக்குத் தப்பிவிட்டது.

ஜூலை 17, வியாழன்

இன்று அடிக்கிற வேலை. அவர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, போல்டின் முனையில் பஞ்ச் என்கிற இரும்புக் கட்டையை இடுக்கியால் பிடித்துக்கொள்வார். நான் சக்கரம் கழற்றிய இடத்தில் குந்தி உட்கார்ந்து பஞ்சின் தலையில் சம்மட்டியால் அடிக்கவேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"பிடிச்சாச்சு. விடு" என்றார்.

நான் சம்மட்டியை விட்டேன். தரையில் வைத்துவிட்டேன்.

"விடு!"

கையில்தான் ஒன்றுமே இல்லையே. ஒருவேளை ஓரமாகப் போகச் சொல்கிறார் என்று இரண்டடி தள்ளி நின்றேன்.

"ஏளா, விடுன்னா விடு! கை கடுக்கு!"

வாசல் வரைக்கும் போய்விட்டேன். அங்கிருந்து, "விட்டுட்டேன் மைனி, இன்னும் எத விட?" என்று கத்தினேன்.

பிறகு காருக்கு அடியிலிருந்து ஒரு தலை வந்தது. "ஒரு அடி விடுன்னு சொன்னேம்மா. எங்க ஆலையில விடுன்னா அடின்னு அர்த்தம்."

"எங்க வீட்டுல விடுன்னா விடுன்னுதான் அர்த்தம்."

அவர் சாக்பீஸ் எடுத்துக் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதினார். விடு என்றால் அடி. நில் என்றால் நிறுத்து. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதுவது போல. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஏனோ வரவில்லை. அதற்குப் பிறகு நாற்பது விடு, நாற்பது அடி. ஒன்றும் அசையவில்லை. என் கை மட்டும் தோளோடு கழன்றுவிடும் போல இருந்தது.

அடித்துக்கொண்டே யோசித்தேன். திறப்பு விழாவன்று நான் அவரிடம் ஏதோ சொன்னேன் என்று நினைக்கிறேன். என்னவென்று ஞாபகம் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

எண்ணெய் ஊறுகிறது. சண்முகக்கனி மூன்று போன். சுண்டல் மிஞ்சியது.

ஜூலை 19, சனி

இன்று பைப்பும் ஸ்பேனரும். நான் கழற்றுகிற பக்கம் தொங்கப் போனேன். மைனி தடுத்தார்.

"மொதல்ல கொஞ்சம் இறுக்கு. அப்புறம் இளக்கு. நேராக் கழத்துனா வீம்புல நிக்கும்."

வேண்டாத வேலையாகத் தெரிந்தது. இருந்தாலும் இறுக்கினேன், இளக்கினேன், இறுக்கினேன். ஏழாவது தடவை 'கிரீச்' என்று ஒரு சத்தம். மைனி சட்டென்று கையை உயர்த்தினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். நுனியில் கோலமாவு போலச் செம்பொடி உதிர்ந்திருந்தது.

"இது ரப்பர் இல்ல. இது போல்ட்தான்" என்றார். அப்போது அவர் சிரித்ததை நான் பார்த்தேன். ரெக்ஸுக்கும் அதே சிரிப்புதான், ஒரு பக்கம் மட்டும் வாய் கோணும். கல்யாணத்துக்கு என்னைச் சம்மதிக்க வைத்ததே அந்தக் கோணல்தான்.

பிளாஸ்க் டீயை அதன் மூடியில் ஊற்றிக் குடித்தார். எனக்கும் கொஞ்சம் நீட்டினார். குடித்தேன். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவர் வீட்டு டீயை நான் குடிக்கிறேன். இதை யாரிடம் சொல்ல?

ஜூலை 20, ஞாயிறு

பூசை முடிந்து நேரே வந்துவிட்டார். பாறை மீன் குழம்பு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைப்பது ஊர் வழக்கம், அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. மணம் வெளியே போகட்டும் என்று சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்தேன். வெக்கை தாங்கவில்லை, அதனால்தான்.

"சாப்பிடுங்க மைனி."

"வீட்டுல ஆக்கியாச்சு."

போல்ட் ஊறுகிற நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் இடப் பக்கக் கதவைத் திறந்து என் பிரேக்கைச் சோதித்தார். ஸ்பேனரை வைத்தார். நட்டு வெண்ணெயாகச் சுழன்றது.

"இது மட்டும் எப்படித் துருப் பிடிக்கல?" என்று கேட்டேன்.

"கிரீஸ் வச்சுல்லா மாட்டுனேன்."

"நீங்களா?"

"பின்ன யாரு? தெறப்பு விழா அன்னைக்குத்தான். லீவு போட்டுட்டு வந்து மாட்டுனேன். நீ ஃபாதரக் கூப்பிடப் போயிருந்த. கடைசி நட்டு இறுக்கவும் நீங்க வந்து எறங்கவும் சரியா இருந்துச்சு. கை கழுவக்கூட நேரமில்ல."

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்பது போலச் சொல்லிவிட்டு மறுபடியும் காருக்கு அடியில் போய்விட்டார். ரெக்ஸ் ஏதோ கடையில் கொடுத்து மாட்டிய பிரேக் என்றுதான் நான்கு வருடமாக நினைத்திருந்தேன். அந்தப் பிரேக்கை எத்தனை ஆயிரம் தடவை மிதித்திருப்பேன். மாடு, ஆட்டோ, ஒரு தடவை மீன் கூடையோடு ஒரு அம்மா. எல்லோரும் பிழைத்தது அதனால்தான்.

ஞாபகம் இல்லை என்று வியாழக்கிழமை எழுதியிருக்கிறேன். பொய். ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. ரிப்பன் வெட்டக் கூப்பிட்டபோது அவரும் ஆசையாக முன்னால் வந்தார். நான் ஒரு காகிதத் துண்டை அவர் கையில் திணித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "மைனி, ரிப்பனத் தொட்டுராதிய, கை கறுப்பா இருக்கு. போட்டோ எடுக்காங்க, கொஞ்சம் பின்னால நில்லுங்க." நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் போட்டோ கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. இன்றுதான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் நீலக் கோட்டின் ஒரு கை மட்டும் விழுந்திருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

மாணவிகளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்: தப்பான வழியில் வந்துவிட்டால் வண்டியை நிறுத்து, கண்ணாடியைப் பார், பின்னால் எடு. வாயைத் திறந்து மைனியிடம் சொல்லவேண்டியது ஒரே ஒரு வரி. இன்று ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். "எண்ணெய் போதுமா மைனி?" என்று ஐந்து தடவை கேட்டதுதான் மிச்சம்.

போல்ட் அரிசி நீளம் நகர்ந்தது. மைனியின் முகம் தெளிவாக இல்லை. நாளைக்கும் வரவில்லை என்றால் ரம்பத்தால்தான் அறுக்கவேண்டும், அறுத்துமுடிக்க இரண்டு நாள் ஆகும் என்றார். புதன்கிழமை அவரால் வர முடியாது. அப்படியென்றால் வியாழக்கிழமை கார் இல்லை, கனிக்குத் தேர்வு இல்லை.

ரெக்ஸிடம் பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். "அக்காதான் மாட்டுச்சு. சொல்ல வேண்டாம்னுச்சு" என்றார். தினம் ஒரு யோசனை சொல்கிறவர் இதை நான்கு வருடம் எப்படி வயிற்றில் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. நன்றாகத் திட்டினேன். யாரையாவது திட்டவேண்டியிருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

விரிவாக எழுதவேண்டிய நாள்.

நான்கு மணிக்கே வந்துவிட்டார், பெர்மிஷன் போட்டாராம். ஆரம்பித்தோம். விடு, அடி. விடு, அடி. ஒரு மணி நேரம். பாதி போல்ட் வெளியே, பாதி உள்ளே. அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட அசையமாட்டேன் என்றது. கை ஓய்ந்து கொஞ்சம் நிறுத்தினோம். அவர் அடியிலேயே படுத்திருந்தார், பஞ்சைப் பிடித்த பிடியை விடவில்லை. எனக்குத் தெரிந்தது அவருடைய இரண்டு செருப்புகள் மட்டும்தான். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். செருப்பிடம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"மைனி."

"ம்."

"தெறப்பு விழா அன்னைக்கு, கை கறுப்பா இருக்கு, பின்னால நில்லுங்கன்னு சொன்னேம்லா."

செருப்பு அசையவில்லை. என் வலது கால் தானாகவே, இல்லாத பிரேக்கை மிதித்தது. ஆனாலும் நிற்கவில்லை.

"அது தப்பு மைனி. பிரேக் மாட்டுன கையின்னு எனக்குத் தெரியாது. தெரியலன்னாலும் தப்புதான். ஃபாதர் முன்னால, நாலு பேரு முன்னால பவுசாத் தெரியணும்னு ஒரு கிறுக்கு. உங்களப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சிட்டேன். நீங்க சாப்பிடாமப் போனப்ப, போனாப் போகட்டும்னு இருந்தேன். நாலு வருசமா அந்த வீம்புலயே இருந்துட்டேன். என்ன மன்னிச்சிருங்க மைனி."

கண்ணில் நீர் முட்டியது. மூக்கை உறிஞ்சினேன். கையில் சம்மட்டி இருந்ததால் துடைக்க முடியவில்லை.

காருக்கு அடியிலிருந்து மெதுவாக, கரகரத்த குரலில் வந்தது.

"விடு."

அடித்தேன்.

ஒரு வாரமாகப் பழகிய கை. யோசிக்கவே இல்லை. மனதில் இருந்த அத்தனையும் சேர்ந்து அந்த அடியில் இறங்கியது. 'ணங்' என்று சத்தம். போல்ட் பாய்ந்து போய்ப் பெயின்ட் டப்பாவை உருட்டியது. லோயர் ஆர்ம் தொப்பென்று கீழே விழுந்தது.

"ஐயோ மைனி! கை?"

"கை இருக்கு." பஞ்சைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் சொன்னது அந்த விடு இல்ல, செலின்."

"எந்த விடு?"

"மத்த விடு."

முதலில் கார்தான் ஆடுகிறது என்று பயந்துபோனேன். ஆடியது செருப்புகள். அடியில் படுத்துக்கொண்டு மைனி சிரித்துக்கொண்டிருந்தார். சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான். வெளியே வந்தபோது அவருக்கும் கண் ஈரம். டீசல் பட்டுவிட்டது என்றார். சரி என்றேன்.

புதிய ஆர்ம் மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. புதிய போல்டுக்கு கிரீஸை நானே விரலால் அள்ளித் தலையிலிருந்து கால் வரை தடவினேன். போதும் போதும் என்று மைனி கையைப் பிடிக்கவேண்டியிருந்தது.

"கை கழுவணும்" என்றார். வழக்கமாகப் பழைய துணியில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர். நான் பின்கட்டுக் குழாய்க்கு அழைத்துப் போனேன். வீட்டுக்குள் வழியாகத்தான் போகவேண்டும். வந்தார். தேங்காய் எண்ணெயும் சீனியும் போட்டுத் தேய்த்தோம், பிறகு சோப்புத் தூள். அவர் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார்.

"கறுப்பு முழுசாப் போகலியே. இந்தக் கையோட உன் வீட்டுல சாப்பிடலாமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. தைக்கவேண்டியதுதான். என் கைகளையும் பக்கத்தில் நீட்டினேன். பத்து நகத்திலும் அதே கறுப்பு.

"இந்த வீட்டுக் கையே இப்ப இதுதான் மைனி. உக்காருங்க."

தோசை சுட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு ஃபிரிட்ஜில் இருந்தது, சுடவைத்தேன். பழைய குழம்பைப் போடுகிறேனே என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"பாறை மீனா?" என்றார் மைனி. "ஞாயித்துக்கெழம அடியில படுத்துக் கெடக்கும்போது ஜன்னல் வழியா மணந்துச்சு பாரு. சாப்பிடாமப் போக என்ன பாடு பட்டேன்னு எனக்குத்தான் தெரியும்."

ஆறு தோசை சாப்பிட்டார். எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஜூலை 23, புதன்

சண்முகக்கனிக்குக் காலையும் மாலையும் ஓட்டம். ஊரில் இருக்கிற எல்லா வேகத்தடையிலும் ஏற்றி இறக்கினேன். சத்தம் இல்லை. "அக்கா, காரா இல்ல கட்டிலா?" என்கிறாள்.

ஜூலை 24, வியாழன்

கனி பாஸ். கூட வந்த மற்ற மாணவிகளும் பாஸ். ஆனால் இது கனியின் நாள். எட்டு போட்டாள், ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தாள், பின்னால் எடுத்தாள். ஆய்வாளர் என் நகங்களைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது?" என்றார். "வண்டி வேலை சார், நாங்களே பார்த்தோம்" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

மைனியை நேரே அங்கே வரச்சொல்லியிருந்தேன். இன்று காலை ஷிப்ட், அது முடிந்து நீலக் கோட்டோடு வந்தார். கனி எல்லோரையும் காருக்கு முன்னால் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தாள். மைனி பழக்கத்தில் பின்னால் போய் நின்றார். முன்னால் இழுத்து, என் பக்கத்தில் நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையும் படத்தில் தெரியும். பழைய படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டப்போகிறேன்.

எல்லோருமாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். மைனி போன பிறகு பார்த்தால் சமையலறை மேடையில் அவருடைய பிளாஸ்க். மறந்துவிட்டார் என்று நினைத்துப் போன் செய்தேன்.

"மைனி, பிளாஸ்க்க வச்சிட்டுப் போயிட்டிய. கொண்டுவந்து தரட்டா?"

"அங்கனயே இருக்கட்டும், விடு" என்றார்.

கையில் சம்மட்டி இல்லாததால் விட்டுவிட்டேன்.